நோயை விரட்டிய தோட்டப் பள்ளி: மார்கரெட் மாக்மில்லன் வாழ்க்கை வரலாறு

குழந்தையை நர்சரி பள்ளியில் சேர்க்கிறார்கள். முதல் வாரம் அழுகை. இரண்டாம் வாரம் மூக்கில் நீர். மூன்றாம் வாரம் இருமல். ஒரு பிள்ளைக்கு வந்த சளி, சில நாளில் வகுப்பு முழுவதும் பரவி விடுகிறது. பிறகு வீட்டிலே தம்பிக்கு வருகிறது. அம்மாவையும் விடுவதில்லை.

இது இன்று நேற்று ஏற்பட்ட தொல்லை அல்ல. சின்னஞ்சிறு பிள்ளைகள் எங்கே கூடினாலும், அங்கே சளியும் இருமலும் கூடவே வந்து சேரும்.

இன்று பெரும்பாலும் அது சில நாளில் தானாகப் போய்விடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி அல்ல. தட்டம்மை, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், மார்ச்சளி ஆகிய நோய்கள் பிஞ்சுகளை வாரிக் கொண்டு போயின. இங்கிலாந்து பணக்கார நாடு. அங்கேயே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இந்த நோய்களால் மாண்டார்கள்.

அந்தக் காலத்தில், லண்டன் நகரத்துச் சேரி ஒன்றில், ஓர் அம்மையார் ஒரு பள்ளி நடத்தினார். அது தோட்டத்துக்குள் இருந்த பள்ளி. ஏழைப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தும் அவர்களை நோயிலிருந்து காக்க முடியும் என்று அவர் செய்து காட்டினார்.

அவர் டாக்டர் அல்ல. பணக்காரரும் அல்ல. திருமணம் செய்து கொள்ளவில்லை. அவருக்கென்று பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகளையே தன் பிள்ளைகளாக நினைத்தார்.

அவர்தான் மார்கரெட் மாக்மில்லன்.

ஒரே நோய், இரண்டு சாவு

மார்கரெட் 1860-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டுக்காரர்கள். பிழைப்புத் தேடி அமெரிக்காவில் குடியேறியவர்கள். மார்கரெட்டுக்கு ஓர் அக்காள் உண்டு. பெயர் ரேச்சல். ஒரு வயதுதான் மூத்தவள். எலிசபெத் என்று ஒரு தங்கையும் இருந்தாள்.

1865-இல் அந்த வீட்டுக்குள் ஸ்கார்லெட் காய்ச்சல் என்னும் தொத்து நோய் நுழைந்தது. தொண்டை புண்ணாகும். உடம்பு முழுவதும் சிவந்து தடிக்கும். காய்ச்சல் கொதிக்கும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மூச்சு வழியாகப் பரவும்.

அந்த நோய்க்குத் தகப்பனார் பலியானார். தங்கை எலிசபெத்தும் போய்விட்டாள். மார்கரெட்டையும் அது தாக்கியது. உயிர் தப்பியது, ஆனால் காது செவிடாகிவிட்டது. பதினான்காவது வயதில்தான் அவருக்கு மறுபடியும் காது கேட்டது.

கைம்பெண்ணான தாய், இரண்டு பெண்களையும் அழைத்துக் கொண்டு கடல் கடந்து ஸ்காட்லாந்து திரும்பினார். இன்வர்னஸ் என்னும் ஊரில், தன் தாய் தகப்பன் வீட்டில் அடைக்கலம் புகுந்தார்.

தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார்கள் அக்காளும் தங்கையும். நன்றாகப் படித்தார்கள். 1877-இல் தாயும் இறந்தார். அப்போது மார்கரெட்டுக்கு வயது பதினேழு.

இனி ரேச்சலுக்கு மார்கரெட், மார்கரெட்டுக்கு ரேச்சல். சாகும் வரையில் அந்தப் பாசம் குறையவே இல்லை.

பங்களாவை விட்டுச் சேரிக்கு

பாட்டியைக் கவனித்துக் கொள்ள ரேச்சல் வீட்டிலேயே தங்கினார். மார்கரெட் வெளிநாடு சென்று இசையும் மொழிகளும் கற்றார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார்.

1888-இல் பாட்டியும் காலமானார். சகோதரிகள் லண்டனில் ஒன்று சேர்ந்தார்கள். வேலை செய்யும் ஏழைப் பெண்கள் தங்கும் விடுதிகளில் வேலை பார்த்தார்கள்.

மறு ஆண்டு லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் படும் பாட்டைச் சகோதரிகள் கண்ணாரக் கண்டார்கள். அது முதல் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்து உழைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் மார்கரெட்டுக்கு அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. மியூக்ஸ் சீமாட்டி என்னும் பெரும் பணக்காரி அவரைத் தன் மாளிகையில் வைத்துக் கொண்டார். மார்கரெட்டுக்குப் பேச்சுத் திறமை உண்டு. அழகான குரல் உண்டு. அவரை நாடக நடிகை ஆக்க வேண்டும் என்று சீமாட்டி விரும்பினார். பயிற்சிக்குப் பணம் கொடுத்தார்.

ஆனால் மே தினத்தன்று லண்டன் ஹைட் பூங்காவில் தொழிலாளர் கூட்டத்தில் மார்கரெட் பேசிவிட்டார். சீமாட்டிக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் உறவு முறிந்தது.

பட்டும் பகட்டும் போயின. மார்கரெட் கவலைப்படவில்லை.

பஞ்சாலை அல்ல, கம்பளி ஆலை

1893-இல் மார்கரெட் பிராட்போர்டு நகருக்குப் போனார். இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள தொழில் நகரம் அது. எங்கு பார்த்தாலும் கம்பளி ஆலை. வானம் முழுவதும் புகை.

அந்த ஊரில் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் கழித்த சிறுவர் சிறுமியர் உண்டு. காலையில் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு மாலையில் வகுப்பில் உட்கார்ந்தால் படிப்பு எப்படி ஏறும்? பலர் பெஞ்சியிலேயே தூங்கி விழுந்தார்கள்.

குளிர் நாட்டில் ஏழைகளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. குளிர்காலம் தொடங்கும்போது குழந்தைக்குச் சட்டையைப் போட்டு, மேலேயே தைத்து விடுவார்கள். வசந்த காலம் வரும் வரையில் அதைக் கழற்றுவதில்லை. குளியல் கிடையாது. வெந்நீர் வைக்க விறகும் இல்லை, நிலக்கரியும் இல்லை.

1894-இல் பள்ளிக்கூட போர்டுக்குத் தேர்தல் நடந்தது. மார்கரெட் நின்றார், வெற்றி பெற்றார். பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுக்கூட இல்லாத காலம் அது!

போர்டின் டாக்டர் ஜேம்ஸ் கெர். இருவரும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார்கள். பிரிட்டனில் நடந்த முதல் பரிசோதனைகளில் அதுவும் ஒன்று. சொத்தைப் பல், சீழ் வடியும் காது, மங்கிய கண், வாயைத் திறந்து மூச்சு விடும் பிள்ளை என்று வரிசையாகக் குறைகள் வெளிவந்தன.

மார்கரெட் சும்மா இருப்பாரா? வகுப்பறைக்கு நல்ல காற்று வர வேண்டும் என்று வாதாடினார். பள்ளியில் சாப்பாடு போட வேண்டும் என்றார். குளிக்க இடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் குளியலறையா என்று பலர் கேலி செய்தார்கள். கடைசியில் பிராட்போர்டு பள்ளியில் குளியலறை கட்டப்பட்டது.

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. நோயுற்ற உடலுக்கும் பாடம் ஏறாது. இதை அவர் ஊர் ஊராகப் பேசினார், பத்திரிகைகளில் எழுதினார்.

1902-இல் வந்த சட்டம் பள்ளிக்கூட போர்டுகளை ஒழித்துவிட்டது. மார்கரெட்டின் பதவியும் போயிற்று. அவர் லண்டன் பக்கம் திரும்பி அக்காளுடன் சேர்ந்து கொண்டார்.

ஆனால் அவர் விதைத்தது வீணாகவில்லை. 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க வழி செய்யும் சட்டம் வந்தது. 1907-இல் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. இரண்டுக்காகவும் பாடுபட்டவர்களில் மார்கரெட் முக்கியமானவர்.

குணமாகிப் போனார்கள், திரும்பி வந்தார்கள்

பரிசோதனை செய்தால் போதுமா? நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுமா? மருந்து யார் கொடுப்பது?

அமெரிக்காவைச் சேர்ந்த சோப்பு வியாபாரி ஜோசப் பெல்ஸ் என்பவர் பணம் கொடுத்து உதவினார். 1908-இல் லண்டன் நகரில் போ என்னும் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. 1910-இல் டெட்போர்டு பகுதியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

டெட்போர்டு என்பது தேம்ஸ் நதிக்கரையில் உள்ள இடம். கப்பல்துறை வேலையை நம்பி வாழ்ந்த கூலிக்காரர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம். ஒரே கட்டிலில் நாலைந்து பிள்ளைகள். குளிருக்குப் பயந்து சன்னலைத் திறப்பதே இல்லை. ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுக்க வேண்டும்.

நிலையத்துக்குப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மருந்து கொடுக்கப்பட்டது. புண் ஆறியது. காதில் சீழ் நின்றது. பிள்ளைகள் சிரித்துக் கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

சில வாரம் கழித்து அதே பிள்ளைகள், அதே நோயோடு திரும்பி வந்தார்கள்!

மார்கரெட் யோசித்தார். நோய் உடம்பில் மட்டும் இல்லை. அது அவர்கள் தூங்கும் அறையில் இருக்கிறது. அவர்கள் இழுக்கும் மூச்சில் இருக்கிறது. மருந்து கொடுத்து மறுபடியும் அதே இருட்டறைக்கு அனுப்புவது, கிணற்றில் விழுந்தவனைத் தூக்கிவிட்டு மறுபடியும் கிணற்றிலேயே தள்ளுவது போன்றது.

நோய் வந்த பிறகு ஓடுவதை விட, வராமல் தடுக்க வேண்டும். அதற்கு என்ன வழி?

வானமே கூரை

1911-இல் சகோதரிகள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். ஒரு வீட்டின் தோட்டத்தில் இரவு முகாம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

சேரிச் சிறுமிகள் மாலையில் வருவார்கள். வெந்நீரில் நன்றாகக் குளிப்பார்கள். சுத்தமான உடை அணிவார்கள். திறந்த வெளியில் படுத்துத் தூங்குவார்கள். காலையில் உணவு உண்டு பள்ளிக்குப் போவார்கள்.

குளிர் நாட்டில் குழந்தைகளை வெளியில் தூங்க வைப்பதா? ஜன்னி கண்டு செத்துப் போவார்களே என்று பலர் பயந்தார்கள். நடந்தது வேறு. பிள்ளைகள் தேறினார்கள். முகத்தில் தெளிவு வந்தது.

இங்கே மார்கரெட் இன்னொன்றைக் கவனித்தார். பள்ளிக்கு வரும் ஐந்து வயதுக்குள்ளேயே பிள்ளையின் உடல் கெட்டு விடுகிறது. ஆகவே ஐந்து வயதில் தொடங்கினால் போதாது. அதற்கு முன்பே தொடங்க வேண்டும். தாய் வேலைக்குப் போனால் அந்தப் பிஞ்சை யார் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டுக் கிழவி பார்ப்பாள், இல்லையென்றால் தெருதான்.

1914: பள்ளி பிறந்தது

ரேச்சல் அதுவரையில் கென்ட் பகுதியில் சுகாதாரம் கற்பிக்கும் வேலையில் இருந்தார். அவருடைய சம்பளம்தான் இருவருக்கும் சோறு போட்டது. தங்கையின் பொதுத் தொண்டுக்கும் அந்தப் பணமே துணை. 1913-இல் அந்த வேலையை உதறிவிட்டு அவரும் டெட்போர்டுக்கு வந்துவிட்டார்.

ஸ்டோவேஜ் என்னும் இடத்தில் ஒரு காலி மனை இருந்தது. லண்டன் நகர நிர்வாகம் அதைச் சொற்ப வாடகைக்கு விட்டது. குப்பையும் கல்லுமாகக் கிடந்த அந்த மனையைத் திருத்தினார்கள். செடி வைத்தார்கள். 1914-இல் திறந்தவெளி நர்சரி பள்ளி தொடங்கியது. சுமார் முப்பது பிள்ளைகள். ஒன்றரை வயது முதல் ஏழு வயது வரை.

அந்தப் பள்ளிக்குப் பெரிய கட்டிடம் இல்லை. தாழ்வான நீளமான கொட்டகைகள். தோட்டத்தைப் பார்த்த பக்கம் திறந்தே இருக்கும். காற்று தாராளமாக வரும், போகும். மழை வந்தால் மட்டும் உள்ளே ஒதுங்கலாம்.

காய்கறிப் பாத்தி உண்டு. பூச்செடி உண்டு. மணல் குவியல் உண்டு. ஏறி விளையாட மரம் உண்டு. உடைந்த சாமான்களைக் குவித்து வைத்து, அதிலும் விளையாட விட்டார்கள்.

ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

காலையில் பிள்ளைகள் வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போவார்கள். குளித்து, பள்ளியில் கொடுக்கும் சுத்தமான உடையை அணிவார்கள்.

குளியல் சுத்தத்துக்கு மட்டும் அல்ல. அதுவே பரிசோதனையும் ஆகும். உடையைக் கழற்றும்போது உடம்பில் தடிப்பு இருந்தால் தெரிந்துவிடும். கண் சிவந்திருந்தால் தெரியும். மூக்கு ஒழுகினால் தெரியும். நோய்க் குறி கண்ட பிள்ளையை மற்றவர்களோடு கலக்க விடுவதில்லை.

பிறகு கஞ்சியும் பாலும். விளையாட்டு. பாட்டு. பேச்சு. நண்பகலில் நல்ல சாப்பாடு. சாப்பிட்டதும் தூக்கம். கித்தான் கட்டில்களை வெளியே வரிசையாகப் போட்டு, போர்வை போர்த்தித் தூங்க வைப்பார்கள். மாலையில் மறுபடியும் சிற்றுண்டி. ஐந்தரை மணி அளவில் வீடு.

பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் கொட்டகை, தனிக் குளியலறை. எல்லாரையும் ஒரே கூடத்தில் அடைத்து வைக்கவில்லை.

தட்டம்மை வந்தது

பள்ளி தொடங்கிய சில மாதத்தில் சோதனையும் வந்தது. ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டது.

தட்டம்மை சாதாரண நோய் அல்ல. தொத்துவதில் அதற்கு இணையான நோய் மிகக் குறைவு. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை உயிரோடு நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். தட்டம்மையோடு மார்ச்சளியும் சேர்ந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

  தடுப்பு ஊசி இல்லை. மருந்து இல்லை. ரேச்சல் கவனமாகக் கண்காணித்தார்.

தட்டம்மை மற்றப் பிள்ளைகளுக்குப் பரவவில்லை! முதல் ஆறு மாதத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் உடம்புக்கு வந்தது. ரேச்சல் இதைப் பெருமையோடு சொல்லிக் கொண்டார்.

நோய் எப்படிப் பரவுகிறது?

சகோதரிகள் செய்தது மந்திரம் அல்ல. காரணம் இருக்கிறது. இன்றைய விஞ்ஞானம் அதைத் தெளிவாக விளக்குகிறது.

குழந்தை இருமும்போதும் தும்மும்போதும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் பறக்கின்றன. அவற்றுள் கிருமி இருக்கிறது. பெரிய துளிகள் உடனே கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றில் மிதக்கும். மூடிய அறையில் அவை புகை போலச் சேர்ந்து கொண்டே போகும். அறையில் உள்ளவர்கள் எல்லாரும் அதையே இழுப்பார்கள். திறந்த வெளியிலோ காற்று அவற்றைக் கலைத்து விடுகிறது.

இரண்டாவது வழி கை. குழந்தை மூக்கைத் துடைக்கும். அதே கையால் பொம்மையைப் பிடிக்கும். அடுத்த குழந்தை அந்தப் பொம்மையை வாயில் வைக்கும். கிருமி வீடு மாறிவிடும்.

சிறு பிள்ளைகளை இது அதிகமாகத் தாக்குவது ஏன்? அவர்கள் உடம்பு பல கிருமிகளை இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறது. எதிர்க்கும் சக்தி இன்னும் உண்டாகவில்லை. மூச்சுக் குழாயும் குறுகலானது. கொஞ்சம் வீங்கினாலும் அடைத்துக் கொள்ளும்.

டெட்போர்டுத் தோட்டத்தில் காற்று இருந்தது, இடம் இருந்தது, குளியல் இருந்தது, வயிறார உணவும் தூக்கமும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் பிள்ளையை உற்றுப் பார்க்கும் கண் இருந்தது.

ரேச்சல் மறைந்தார்

பள்ளி தொடங்கிய அதே ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பிள்ளைகளை விட்டுச் செல்ல இடம் வேண்டுமே! அந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பள்ளிக்கு ஒரு சிறு தொகை கொடுத்தது.

1915 செப்டம்பரில் ஜெர்மானிய ஆகாயக் கப்பல் டெட்போர்டின் மீது குண்டு வீசியது. அப்படிப்பட்ட நாளிலும் பள்ளி நடந்தது.

ஆனால் உழைப்பும் கவலையும் ரேச்சலின் உடலை உருக்கிவிட்டன. 1917 மார்ச் 25-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. அன்றுதான் அவருடைய 58-ஆவது பிறந்த நாள்!

மார்கரெட்டுக்கு இடி விழுந்தது போல் ஆயிற்று. தாயாகவும் தகப்பனாகவும் தோழியாகவும் இருந்தவர் போய்விட்டார். பள்ளியை மூடிவிட்டுப் போய்விடலாமா? போகவில்லை. பள்ளிக்கு அக்காளின் பெயரையே சூட்டினார். அது ரேச்சல் மாக்மில்லன் நர்சரி பள்ளி ஆயிற்று. பின்னாளில் ரேச்சலின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

சட்டமும் சிக்கனமும்

1918-இல் புதிய கல்விச் சட்டம் வந்தது. நர்சரி பள்ளிகளுக்கு நகராட்சிகள் பணம் கொடுக்கலாம் என்று அது அனுமதித்தது. கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. யுத்தத்துக்குப் பின் சிக்கனம் என்ற பெயரில் கல்விச் செலவு வெட்டப்பட்டது. புதிய பள்ளிகள் அதிகம் தோன்றவில்லை.

மார்கரெட் தளரவில்லை. 1919-இல் நர்சரி பள்ளி பற்றி நூல் எழுதி வெளியிட்டார். டெட்போர்டுப் பள்ளி வளர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1923-இல் நர்சரி பள்ளிச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் ஆனார்.

சங்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. சிறு பிள்ளைகளுக்குச் சில மணி நேரப் பள்ளி போதும், சிறிய பள்ளியே நல்லது என்றார்கள் மற்றவர்கள். மார்கரெட் ஒப்புக் கொள்ளவில்லை. பாதி நாள் தோட்டத்தில் இருந்துவிட்டு மீதி நாள் இருட்டறைக்குப் போனால் என்ன பயன்? தாய் வேலை செய்யும் நேரம் முழுவதும் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்றார். கடைசியில் தலைமைப் பதவியையும் விட்டார்.

இன்னொரு விஷயத்திலும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளப் படிப்பு எதற்கு என்று பலர் நினைத்தார்கள். சின்னப் பிள்ளைக்குத்தான் மிக நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை வேண்டும் என்றார் மார்கரெட். மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்றார். சேரி வீடுகளுக்குப் போய்த் தாய்மாரைச் சந்திப்பதும் அதில் ஒரு பகுதி.

அரசி வந்தார்

அதற்காக ஒரு பயிற்சிக் கல்லூரி கட்ட வேண்டும். பணம்? ஆஸ்டர் சீமாட்டி துணை நின்றார். அவர் பார்லிமெண்டு அங்கத்தினர். லண்டன் லாயிட்ஸ் நிறுவனத்தினரும் பண உதவி செய்தார்கள். 1930 மே மாதம் ரேச்சல் மாக்மில்லன் பயிற்சிக் கல்லூரியை மேரி அரசியார் டெட்போர்டுக்கு வந்து திறந்து வைத்தார்.

அந்த ஆண்டு நாட்டின் உயர்ந்த விருது ஒன்றும் மார்கரெட்டுக்குக் கிடைத்தது. அவருக்கு வயது எழுபது.

1931 மார்ச் மாதக் கடைசியில் மார்கரெட் காலமானார். பிராக்லி இடுகாட்டில் அக்காளின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். டெட்போர்டில் பள்ளி இருக்கும் தெருவுக்கு மாக்மில்லன் தெரு என்று பெயர்.

அவருக்குப் பின்

மார்கரெட் காலத்தில் பரவலாக இல்லாத ஆயுதம் பிறகு வந்தது. அதுதான் தடுப்பு ஊசி. தொண்டை அடைப்பானுக்கும் கக்குவான் இருமலுக்கும் ஊசி வந்தது. 1963-இல் தட்டம்மைக்கும் வந்தது. காற்றும் சுத்தமும் மட்டும் தட்டம்மையை எப்போதும் தடுத்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஊசி கட்டாயம் போட வேண்டும்.

சாதாரணச் சளி வேறு. அதை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் நூற்றுக்கு மேல். எல்லாவற்றுக்கும் ஊசி இல்லை. சிறு பிள்ளைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயற்கை. பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் இன்னும் கூடலாம். இதைக் கண்டு தாய் மனம் உடைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த டாக்டர்கள் ஒன்றைக் கண்டார்கள். சிறு வயதில் காப்பகத்தில் பல பிள்ளைகளோடு இருந்தவர்களுக்கு அப்போது சளி அதிகம் வந்தது. பெரிய பள்ளிக்குப் போன வயதில் மற்றவர்களை விடக் குறைவாக வந்தது.

ஆனால் அலட்சியமும் கூடாது. மூச்சு வேகமாக வாங்கினாலும், மூச்சு இழுக்கும்போது விலா குழிந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் உடனே டாக்டரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். வைரஸ் சளிக்கு ஆண்டிபயாட்டிக் மருந்து வேலை செய்யாது. டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

குழந்தையைச் சேர்க்கும் முன் பள்ளியைப் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் வரைந்த பொம்மையைப் பார்த்து மயங்கக் கூடாது. சன்னல் திறந்திருக்கிறதா? பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்களா? வெளியில் விளையாட இடம் உண்டா? சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா? பாய்களைத் தள்ளித் தள்ளிப் போடுகிறார்களா? காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனியே வைத்துத் தாய்க்குச் சொல்லி அனுப்புகிறார்களா? இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் கடமை உண்டு. காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. ஒரு நாள் கூலி போகிறதே என்று ஏழைத் தாய் தவிப்பது உண்மைதான். அந்தத் தவிப்பை மார்கரெட் அறிவார். அதனால்தான் அவர் தாயைக் குறை சொல்லவில்லை. நல்ல காற்றும் நல்ல உணவும் ஏழையின் பிள்ளைக்கும் கிடைக்கச் செய்வது ஊரின் பொறுப்பு, அரசாங்கத்தின் பொறுப்பு என்று கடைசி வரையில் போராடினார்.

ஐந்து வயதில் தகப்பனையும் தங்கையையும் தொத்து நோய்க்குப் பறிகொடுத்த பெண் அவர். ஊரார் பெற்ற பிள்ளைகள் அப்படிப் போகக் கூடாது என்று எழுபது வயது வரை உழைத்தார். பிள்ளைகள் கூடும் இடத்தில் நோயும் கூடத்தான் செய்யும். ஆனால் காற்று, சுத்தம், உணவு, கவனம் ஆகிய நான்கும் இருந்தால் நோயின் கை ஓங்காது. மார்கரெட் மாக்மில்லனின் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுவே.